வெள்ளீயம்: அதன் வரலாறும் குணமும் பேணும் முறையும்

“ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. தன் குறை அறியாது பிறர் குறை கண்டு நகுவாரை இடித்துரைக்க எழுந்தது அது. ஆயின் அப்பழமொழியினுள் வேறோர் உண்மையும் அடங்கியிருத்தலைப் பலர் நோக்குவதில்லை. ஈயத்தைக் கண்டு இளிக்கும் அப்பித்தளை, தன் வயிற்றினுள்ளே ஈயம் பூசப்பெற்றாலன்றிப் புளிக்குழம்பு ஒன்றனைக் காய்ச்சுதற்கும் தகுதியுடையதாகாது. தன்னைக் காக்கும் பொருளையே அது பழித்து நின்றது. நாமும் அப்பித்தளையின் நிலையிலேயே இருக்கின்றோம் என்று கூறுதல் மிகையாகாது. பொன்னுக்குக் கணக்கு வைக்கின்றோம். வெள்ளியைப் பெட்டியில் பூட்டுகின்றோம். பித்தளைக்குப் பெயர் பொறித்துப் பரணில் ஏற்றுகின்றோம். ஈயத்தையோ, அஃது எவ்வுலோகம் என்றும் அறியாது, பழைய சாமான் எடுப்பவனிடம் எடைக்குப் போட்டு விடுகின்றோம்.

இவ்வறியாமையால் பொருள் இழப்பு மட்டும் நேருமாயின் இதனை எழுதப் புகோம். உடல் நலத்துக்கும், சிறப்பாக நம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கும், இதனால் கேடு விளையக்கூடும். ஆதலின் ஓடைப்பட்டியிலும் சூழவுள்ள சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களிலும் வாழும் நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் இல்லத்துப் பெண்மக்களும் அறிந்து பயனுறுமாறு வெள்ளீயத்தின் வரலாற்றினையும் குணத்தினையும் பேணும் முறையினையும் இயன்ற அளவு தொகுத்துக் கூறுவோம்.

பெயர்க் குழப்பம்

ஈயம் என்னும் சொல் நம் வழக்கில் மூன்று உலோகங்களைக் குறித்து வருகின்றது. முதலாவது வெள்ளீயம். இது வெள்ளியை ஒத்த நிறமும் மென்மையும் உடையது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்தற்கும், செம்பு பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் பூசுதற்கும் உரியது இதுவே. இரண்டாவது காரீயம். இது கரிய சாயலும் மிக்க எடையும் வாய்ந்தது. வலைக்குக் கட்டும் குண்டுகளும், மோட்டார் வண்டிகளின் மின்கலத் தகடுகளும் இதனாலாவன. உணவுக்கு இஃது அணுவளவும் ஆகாது, நஞ்சு. மூன்றாவது அலுமினியம். இதற்கும் மேற்கூறிய இரண்டிற்கும் யாதோர் உறவும் இல்லை. ஆயினும் தென்னாட்டு ஊர்கள் பலவற்றில் அலுமினியப் பாத்திரத்தையே “ஈயச்சட்டி” என்றும் “ஈயப்பானை” என்றும் வழங்குகின்றனர். தெருவில் “பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று கூவி வந்தவர் கேட்ட ஈயம் பெரும்பாலும் அலுமினியமே.

வெள்ளை, கறுப்பு என்று நிறத்தால் பிரித்துப் பெயரிடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம நாட்டுப் பேரறிஞரும் இவ்விரண்டினையும் ஓர் இனமாகக் கருதி, வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்ற பொருள்பட இலத்தீன் மொழியில் பெயர் கூறினர். நம் சித்த மருத்துவ நூலாரும் வெள்வங்கம், கருவங்கம் என்று இரண்டாகப் பகுத்தனர். முன்னோர் அடைமொழியிட்டுப் பிரித்துக் காத்த வேற்றுமையை, அடைமொழியை நீக்கி “ஈயம்” என்று மட்டும் கூறி நாம் அழித்துவிட்டோம். கடைக்குச் சென்று “ஈயப் பாத்திரம் வேண்டும்” என்பவர்க்கு இம்மூன்றனுள் எது கிடைக்கும் என்பது விற்பவருடைய நேர்மையையே பொறுத்ததாகின்றது.

பண்டை நாளில் வெள்ளீயம்

மனிதன் வெள்ளீயத்தை முதன்முதல் தேடியது தனிக்கலம் செய்தற்கன்று. செம்போடு கலந்து வெண்கலம் ஆக்குதற்கே. செம்பு தனியே மென்மையானது. அதனோடு பத்தில் ஒரு பங்களவு வெள்ளீயம் சேர்ப்பின் வலிமையும் கூர்மையும் பெறும். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்படச் சேர்ப்பின் பொன்னிறமும் மணிபோல் ஒலிக்கும் ஓசையும் உண்டாகும். தமிழகத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டு ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899-ஆம் ஆண்டு தொடங்கி அலெக்சாண்டர் ரீ என்பவரும் அகழ்ந்தபொழுது, இரும்புக் கருவிகளோடு வெண்கலக் கலங்களும் வெளிப்பட்டன. நீலகிரிக் கல்லறைகளிலும் நேர்த்தியான வெண்கலக் கிண்ணங்கள் கிடைத்துள்ளன. வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி, நீரில் தோய்த்து வலுப்படுத்தும் நுட்பம் தென்னாட்டார்க்கு மிகப் பழங்காலத்திலேயே தெரிந்திருந்தது என்பதற்கு இவை சான்றாம்.

இங்கு ஒரு கேள்வி எழும். தமிழ்நாட்டில் வெள்ளீயச் சுரங்கம் இல்லை. இந்தியா முழுவதையும் நோக்கினும், இக்காலத்துச் சத்தீசுகர் மாநிலத்துப் பஸ்தர்ப் பகுதியொழியக் குறிப்பிடத்தக்க அளவில் அக்கனி எங்கும் இலது. அங்ஙனமாயின் நம் முன்னோர்க்கு இஃது எங்கிருந்து வந்தது? ஒரு விடை மேற்கிலிருந்து என்பது. கி.பி. 1-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட “எரித்திரையக் கடற் பயணம்” என்னும் நூல், முசிறி முதலிய சேரநாட்டுத் துறைமுகங்களில் வந்திறங்கிய சரக்குகளுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றனையும் எண்ணுகின்றது. பிளினியும், இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை என்றும், மணிகளையும் முத்துக்களையும் கொடுத்து அவற்றை இந்தியர் பெறுகின்றனர் என்றும் எழுதினர். செம்பைப் பொறுத்தவரை அவர் கூற்று முற்றும் பொருந்தாது எனினும், வெள்ளீயத்தைப் பொறுத்தவரை பெரிதும் மெய்யே. நம் முன்னோர் முத்துக் கொடுத்து வாங்கிய பொருளை நாம் பேரீச்சம்பழத்துக்குக் கொடுக்கின்றோம்!

கீழ்க்கடல் வழி வந்த ஈயம்

மற்றொரு வழி கிழக்கிலிருந்து வந்தது. மலேயாத் தீபகற்பம் முழுவதும் வெள்ளீய மணல் நிறைந்த நிலம். அதன் வடபால், இக்காலத்துத் தாய்லாந்தின் மேற்குக் கரையில், தக்குவாபா என்னும் ஊர் உண்டு. “தக்குவா” என்பது தாய் மொழியில் ஈயத்தைக் குறிக்கும் சொல். அவ்வூரில் 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்னும் பெயரால் ஒரு குளம் தோண்டப்பட்டதனையும், அது மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விடப்பட்டதனையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. மணிக்கிராமம் என்பது நம் நாட்டு வணிகர் குழாம் ஒன்றன் பெயர். ஈயம் விளையும் நிலத்தில் தமிழ் வணிகர் குளம் வெட்டிக் குடியிருந்தனர் எனின், அவர்தம் வாணிகத்தின் அளவை ஒருவாறு உய்த்துணரலாம். பின்னர் 1025-ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசேந்திர சோழர் படையெடுத்து வென்ற கடாரமும் அத்தீபகற்பத்தைச் சார்ந்ததே.

அக்காலத்து அராபிய நூலார், கலா என்னும் துறைமுகத்தையும் அதனையடுத்த வெள்ளீயச் சுரங்கங்களையும் குறிப்பிட்டனர். அராபியில் வெள்ளீயத்துக்கு வழங்கும் “கலயீ” என்ற சொல் அத்துறையின் பெயரால் வந்தது என்று அறிஞர் பலர் கருதுவர். அதுவே இந்துஸ்தானியில் “கலய்” ஆகி, நம்மிடையே “கலாய் பூசுதல்” என்று வழங்கலாயிற்று. பாத்திரத்துக்குக் கலாய் பூசச் சொல்லும்பொழுதெல்லாம் நம் வீட்டார் ஒரு பழைய கடற்றுறையின் பெயரை உச்சரிக்கின்றனர் போலும்.

பிற்காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமத்திராவையடுத்த பங்கா தீவிலும், 19-ஆம் நூற்றாண்டில் மலேயாவின் பேராக், சிலாங்கூர் நாடுகளிலும் சுரங்கத் தொழில் பெருகிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலேயாவிலிருந்தே சென்றது. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு இடப்பட்ட மலேயாவின் முதல் இருப்புப்பாதையும் வெள்ளீயத்தைக் கப்பலேற்றுதற்கே அமைந்தது. பின்னர் அந்நாட்டு இருப்புப்பாதைகளில் உழைத்தோருள் தமிழ் மக்கள் மிகப் பலர்.

பியூட்டர் என்னும் கலப்பு

வெள்ளீயம் தனியே மிக மென்மையானது. ஆதலின் மேனாட்டார் அதனோடு சிறிதளவு செம்பு முதலியன சேர்த்து உரமாக்கித் தட்டு, கிண்ணம், குவளை முதலியன செய்தனர். அக்கலப்பினையே ஆங்கிலேயர் பியூட்டர் என்பர். எகிப்து நாட்டு அபிதோசுக் கல்லறை ஒன்றில் கி.மு. 1450-ஐ ஒட்டிய காலத்துக் குடுவை ஒன்று இவ்வகையில் கிடைத்துள்ளது. உரோமரும் இதனைப் பெரிதும் வழங்கினர். இங்கிலாந்தில் பீங்கானும் கண்ணாடியும் மலிவதற்கு முன்னர், நடுத்தரக் குடும்பங்களின் உணவு மேசையில் பியூட்டரே நிறைந்திருந்தது.

இதன்கண் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையினும் பன்மடங்கு மிகுதி. ஆதலின் இரண்டனையும் கலந்து விற்றால் ஊதியம் பெருகும். இவ்வாசையைக் கட்டுப்படுத்தவே இலண்டன் நகரத்துப் பியூட்டர்த் தொழிலாளர் சங்கம் 1348-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தது. உணவுத் தட்டு முதலியவற்றிற்கு நல்ல கலப்பே வழங்குதல் வேண்டும் என்றும், காரீயம் சேர்ந்த கலப்பு வேறு சில பொருள்களுக்கே ஆகும் என்றும் வரையறை செய்து, செய்தவன் முத்திரை ஒவ்வொரு கலத்தின்மேலும் பொறிக்கப்படும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது. தொழில் செய்வோரே கூடித் தம் தொழிலின் நேர்மையைக் காத்தனர் என்பது சங்கம் அமைத்து வாழும் நமக்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செப்பீல்டு நகரத்தார் காரீயத்தை அறவே நீக்கி, நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளீயமும், 6 பங்கு அஞ்சனக்கல் உலோகமாகிய ஆண்டிமனியும், 2 பங்கு செம்பும் கொண்ட கலப்பினைக் கண்டனர். அதற்குப் பிரிட்டானியா உலோகம் என்று பெயர். இக்காலத்து நற்பியூட்டர் இவ்வழியில் வந்ததே. மலேயாவில் 1885-ஆம் ஆண்டில் யோங் கூன் என்னும் சீனக் கைவினைஞர் கோலாலம்பூரில் தொடங்கிய சிறு பட்டறை, இன்று ராயல் சிலாங்கூர் என்னும் பெயரால் உலகெங்கும் பியூட்டர்க் கலங்களை விற்கின்றது.

நம் ஈயச்சொம்பு இப்பியூட்டரின் நெருங்கிய உறவினம். வேற்றுமை யாதெனின், நம்மவர் உரத்தை நாடாது தூய வெள்ளீயத்தையே விரும்பினர். மேனாட்டார் அதனை உண்ணும் கலமாக்க, நம்மவர் அடுப்பில் ஏற்றும் கலமாக்கினர்.

திராட்சையும் காரீயமும்

திராட்சை விளையும் ஊரினராகிய நாம் அறியவேண்டிய வரலாறு ஒன்றனை இங்குக் கூறுவோம். உரோம நாட்டார் திராட்சைச் சாற்றை வற்றக் காய்ச்சிப் பாகு செய்து, மதுவிலும் உணவிலும் கலந்தனர். அப்பாகினைச் செம்பில் காய்ச்சினால் களிம்புச் சுவை ஏறுதலின், காரீயக் கொப்பரையில் காய்ச்சுக என்று அவர்தம் வேளாண்மை நூலார் விதித்தனர். சாற்றின் புளிப்பு காரீயத்தைக் கரைத்தது. கரைந்த உப்போ இனிப்புச் சுவையுடையது. மேனாட்டார் அவ்வகை உப்பொன்றனை ஈயச் சர்க்கரை என்றே பெயரிட்டழைத்தனர். நஞ்சு இனிப்பாய் வந்தமையின் ஐயுற்றார் இலர்.

இங்கிலாந்திலும் இது மீண்டும் நிகழ்ந்தது. டெவன் என்னும் மாவட்டத்தில் ஆப்பிள் மது அருந்தியோர்க்குக் கொடிய வயிற்றுச் சூலை கண்டது. 1767-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர், பழம் பிழியும் ஆலைகளில் பதித்திருந்த காரீயமே அதற்குக் காரணம் என்று காட்டினர்.

திராட்சையின் புளிப்புக்கு முதற்காரணம் டார்டாரிக் அமிலம். நம் சமையற் புளியில் மிகுந்திருப்பதும் அவ்வமிலமே. உரோமர் கொப்பரையில் நடந்தது, காரீயம் கலந்த சொம்பில் ரசம் வைக்கும் நம் அடுக்களையிலும் நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. காரீயத்துக்கு இவ்வளவு வரை தீங்கில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உட்கொண்ட காரீயத்தைப் பெரியோரினும் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தைகளின் உடல் ஏற்கின்றது. அஃது எலும்பில் தங்கி, மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும், குருதியைக் கெடுக்கும், கருவுற்ற தாய்மாரின் வாயிலாகக் கருவையும் தாக்கும். வலியின்றி மெல்ல மெல்லச் செய்யும் கேடாதலின் எளிதில் புலப்படாது.

வெள்ளீயத்தின் குணங்கள்

இனி வெள்ளீயத்தின் இயல்பு கூறுவோம். இதன் ஒப்படர்த்தி 7.3, அஃதாவது ஒத்த அளவுள்ள நீரினும் 7.3 மடங்கு கனமுடையது. காரீயத்துக்கு அது 11.3, அலுமினியத்துக்கு 2.7. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகும். காரீயம் 327 பாகையில் உருகும். இரண்டனையும் ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விழுக்காட்டில் கலப்பின், வியப்பாக, 183 பாகையிலேயே உருகிவிடும். பற்றவைக்கும் ஈயம் இக்கலப்பே.

தூய வெள்ளீயத்தின் கம்பியையோ தகட்டையோ காதருகே வைத்து வளைத்தால் நெறுநெறுவென்று ஒலி எழும். அதன் உள்ளேயுள்ள படிகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து திரும்புதலால் உண்டாவது அது. மேனாட்டார் இதனை ஈயத்தின் அழுகை என்பர். காற்றாலும் நீராலும் வெள்ளீயம் துருப்பிடிப்பதில்லை. உணவுப் புளிப்பாலும் மிகச் சிறிதே கரையும். கரைந்த சிறிதளவும் காரீயம்போல் நஞ்சாவதன்று. 13 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் நெடுநாள் கிடப்பின் சாம்பல் நிறப் பொடியாக மாறும் இயல்பும் இதற்கு உண்டு. குளிர்நாட்டுக் கோயில்களின் இசைக்குழாய்கள் இதனால் பழுதுற்றன. நம் பள்ளத்தாக்கின் வெப்பத்தில் அவ்வச்சம் வேண்டுவதில்லை.

ஈயம் பூசும் தொழில்

செம்பு நெடுநாள் நிலைக்கும் உலோகம். நம் சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் ஆயிரம் ஆண்டு கடந்தும் எழுத்துச் சிதையாது நின்றன. ஆயின் புளிப்புப் பட்டால் செம்பும் பித்தளையும் பச்சைக் களிம்பு பூக்கும். திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளுக்குத் தெளிக்கும் நம் உழவர்க்குச் செம்பின் உப்பு பூஞ்சணத்தைக் கொல்லும் திறம் நன்கு தெரியும். அவ்வினத்து உப்பே களிம்பு. வயிற்றுக்கு அஃது எங்ஙனம் நன்மையாகும்? இதனைத் தடுக்கவே வெள்ளீயம் பூசினர். ஈயம் பூசிய செப்புக்கலத்தில் உணவின் சுவை நன்றாகின்றது, களிம்பும் ஏறுவதில்லை என்று பிளினியும் எழுதியுள்ளமையின் இத்தொழிலின் பழமை விளங்கும்.

தொழில் முறை எளியது போலத் தோன்றினும் கைத்திறம் மிக வேண்டுவது. முதலில் பாத்திரத்தைப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்து, அழுக்கும் களிம்பும் போக்குவர். பின்னர்த் துருத்தியால் ஊதிய கரி நெருப்பின்மேல் வாட்டுவர். சூடேறியதும் நவச்சாரப் பொடியைத் தூவுவர், வெண்புகை எழும். அப்பொடி வெப்பத்தால் பிரிந்து ஓர் அமில ஆவியை வெளியிட, அது செம்பின்மேல் எஞ்சிய மாசினை அரித்து நீக்கும். அந்நொடியிலேயே வெள்ளீயக் கட்டியைத் தொட்டு வைத்து, உருகியதைப் பஞ்சினால் சுற்றித் துடைத்துப் பரப்புவர். பின்னர் நீரில் தோய்த்து எடுத்தால் உட்புறம் நிலவொளிபோல் மிளிரும். கணப்பொழுது தாழ்த்தாலும் பூச்சு ஒட்டாது, மிகுந்தாலும் திட்டாகிவிடும்.

இத்தொழில் ஏன் அருகிற்று? 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினர். 1900-ஆம் ஆண்டில் அதற்கெனக் கம்பெனியும் ஏற்பட்டது. விலை குறைந்ததும் பூச்சு வேண்டாததுமாகிய அப்பாத்திரம் ஏழையர் இல்லங்களிற் புகுந்தது. 1913-ஆம் ஆண்டில் செப்பீல்டில் ஹாரி பிரேர்லி கண்ட துருவுறா எஃகு, பின்னர் எவர்சில்வர் என்னும் பெயரோடு நம் நாட்டில் பரவிற்று. பித்தளை பரணேறியது; ஈயம் பூசுவோர் வேறு தொழில் தேடினர். எஞ்சியோருள்ளும், செலவு குறையவும் குறைந்த சூட்டில் உருகவும் வேண்டிக் காரீயம் கலந்து பூசுவார் உளர். 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளே, செவ்வையாக ஈயம் பூசப்படாத செம்பு பித்தளைக் கலங்களில் வைத்த உணவை உண்ணத்தகாதது என்று கொண்டன. பூச்சு எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் அறியலாம்.

தேர்ந்தறியும் முறை

இந்நாளில் ஈயச்சொம்பின்மேல் மீண்டும் பலர்க்கு விருப்பம் உண்டாகி வருகின்றது. மகிழ்ச்சியே, ஆயின் தேர்ந்து கொள்ளல் வேண்டும்.

வெள்ளைத் தாளின்மேல் பாத்திரத்தின் விளிம்பை அழுத்தி இழுத்துப் பார்க்க. கரிய கோடு விழுமாயின் காரீயம் மிகுதியாக உண்டு. புதுக்கலம் சில நாளில் மங்கிக் கருமை படருமாயினும் ஐயுறுக.

இதனினும் நல்ல சோதனை எடையால் அறிவது. பள்ளிச் சிறுவரும் செய்யலாம். சொம்பை முதலில் நிறுத்து எடையைக் குறித்துக் கொள்க. பின்னர் ஒரு வாளியில் நீர் வார்த்து, அதனைத் தராசின்மேல் வைத்து அவ்வெடையையும் குறிக்க. சொம்பை நூலிற் கட்டி, காற்று உள்ளே தங்காதபடி, அடியிலும் பக்கத்திலும் படாது நீரில் முற்றும் மூழ்குமாறு தொங்கவிடுக. தராசு காட்டும் எடை எத்துணைக் கிராம் ஏறிற்று என்று பார்த்து, சொம்பின் எடையை அவ்வேற்றத்தால் வகுக்க. ஈவு 7.3-ஐ ஒட்டி வருமாயின் வெள்ளீயம் எனக் கருதலாம். 730 கிராம் தூய சொம்பு 100 கிராம் ஏற்றம் காட்டும். பாதி காரீயமாயின் ஏற்றம் 82 கிராமாகக் குறைந்து, ஈவு 8.9 வரும். ஈவு 2.7 ஆயின் அஃது அலுமினியம். பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருப்பின் ஏற்றம் 96 கிராம் அளவில் நிற்கும். ஆதலின் செம்மையான தராசு வேண்டும். துத்தநாகத்தின் ஒப்படர்த்தியும் 7.1 ஆதலால் இச்சோதனை ஒன்றே முடிவாகாது. சிறு கலப்பும் தெரியவேண்டின், நகை வாணிகர் சிலர் வைத்திருக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியாலோ இரசாயனச் சாலையிலோ ஆராய்வித்தலே முறை. ஐயம் தீராத கலத்தை அலங்காரத்துக்கு வைக்கலாமேயன்றி அடுப்பில் ஏற்றலாகாது.

பேணும் முறை

வெறுஞ்சொம்பை ஒருகாலும் அடுப்பில் வைத்தல் கூடாது. நீர் 100 பாகையில் கொதிப்பதாதலின், உள்ளே நீர் உள்ளவரை சொம்பு 232 பாகையை எட்டாது; நீர் வற்றினால் நொடியில் ஒழுகிவிடும். ஆதலின் முதலில் புளிநீரை வார்த்துப் பின்னரே அடுப்பைப் பற்றவைத்தல் வேண்டும். தீ அடிப்பகுதியின் அளவைக் கடந்து பக்கத்தில் ஏறலாகாது. நீர் படாத மேற்பகுதி உருகும்.

சொம்பினுள் தாளிதம் செய்தல் ஆகாது. காய்ந்த நெய்யும் எண்ணெயும் 200 பாகையைக் கடந்து செல்லும். இரும்புக் கரண்டியில் தனியே தாளித்து, ரசத்தின்மேல் கொட்டுக. ரசம் நுரைத்ததும் இறக்கி, உண்டபின் எஞ்சியதை வேறு கலத்துக்கு மாற்றிவிடல் நன்று. இரவு முழுதும் வைத்திருத்தல் வேண்டா.

துலக்கும்பொழுது செங்கற்பொடி, கம்பிச்சுருள் முதலியன தவிர்த்து, சீயக்காய்த் தூளோ மென்மையான சோப்போ இட்டுத் துணியால் தேய்த்துக் கழுவி, உடனே ஈரம் போகத் துடைத்து வைக்க. கனத்த பாத்திரங்களை இதன்மேல் அடுக்கலாகாது, நெளியும். நெளிந்ததைத் தாமே தட்டாது, பாத்திரத் தொழில் வல்லாரிடம் கொடுத்துத் திருத்துக. ஓட்டை விழுந்தால் பற்றவைப்பவரிடம் காரீயம் சேராத வெள்ளீயத்தாலேயே அடைக்குமாறு கண்டித்துச் சொல்லுதல் வேண்டும். ஈயம் பூசிய பித்தளைக் கலங்களில் உட்புறம் செம்மையோ மஞ்சளோ தெரியத் தொடங்கின், மறுபூச்சுக் காலம் வந்தது என்று கொள்க. அதுவரை புளிப்பு எதுவும் அதில் காய்ச்சலாகாது.

முடிவுரை

நம் பாட்டிமார் சீராகக் கொண்டுவந்த சொம்புகள் இன்னும் பல இல்லங்களில் கிடக்கின்றன. அவற்றுள் தூய வெள்ளீயமும் இருக்கலாம். காரீயம் கலந்தனவும் இருக்கலாம். பழையது என்பதனாலேயே நல்லது என்று அடுப்பிலேற்றுதலும், பழையது என்பதனாலேயே வேண்டாதது என்று எடைக்குப் போடுதலும் ஒருதன்மையான அறியாமையே. முன்னர்ச் சோதித்து அறிக. நல்லதாயின் பேணி வழங்கிப் பெண்மக்களுக்குக் கொடுக்க. விற்கவே நேரினும் “ஈயம்” என்று பொதுவாய்ச் சொல்லாது “வெள்ளீயம்” என்று பெயர் சொல்லி, அதற்குரிய விலை பெறுக. காரீயம் கலந்ததாயின், எத்துணை அன்பின் நினைவு அதனோடு சார்ந்திருப்பினும், குழந்தைகள் உண்ணும் உணவுக்கு அதனை வழங்காது ஒதுக்குக.

வாளி ஒன்றும் தராசு ஒன்றும் நூல் ஒரு முழமும் இருந்தால் இச்சோதனைக்குப் போதும். நம் சங்கத்து இளைஞர் ஒரு விடுமுறை நாளில் கூடி, ஊரிலுள்ள ஈயக் கலங்களை எல்லாம் இவ்வாறு நிறுத்து ஆராய்ந்து கொடுப்பாராயின், அஃது இல்லந்தோறும் செய்த நற்பணியாகும். பித்தளை இளித்தாலும் ஈயத்தின் அருமை குன்றாது. அதன் பெயரைப் பிரித்தறிந்து வழங்கும் கடமை மட்டும் நம்முடையது.